நண்பர் தந்த வின்செஸ்டர் 67: புது ப்ளூயிங் போடுவதா, இருந்தபடியே காப்பதா?

நண்பர் ஒருவர் தன் பழைய .22 ரைஃபிளைக் கையில் கொடுத்துவிட்டால், முதல் நாளே கண் போவது குழலில் படிந்த துருவின் மேல்தான். உடனே வரும் ஆசை, இரும்பைத் துருவிலிருந்து காக்கும் கருநீலப் பூச்சான ப்ளூயிங்கைப் புதிதாகப் போட்டு, இதைப் பளபளவென்று புதுசாக்கிவிட வேண்டும் என்பது. அந்த ஆசைக்குக் கொஞ்சம் பொறுமை தேவை.

அமெரிக்காவில் இப்படிக் கைமாறும் துப்பாக்கிகளில் வின்செஸ்டர் மாடல் 67 ரொம்பச் சாதாரணம். 1934 முதல் 1963 வரை செய்தார்கள். ஒரு முறைக்கு ஒரு தோட்டா, கையால் போல்ட்டை இழுத்து மூடும் போல்ட் ஆக்‌ஷன், 27 அங்குலக் குழல், அலங்காரம் இல்லாத வால்நட் மரக் கைப்பிடிக் கட்டை. போல்ட்டை மூடினால் மட்டும் சுடத் தயாராகாது. பின்னால் இருக்கும் குமிழைக் கையால் இழுத்து நிறுத்த வேண்டும். பெரும்பாலானவற்றில் வரிசை எண்ணே இருக்காது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல்லாத் துப்பாக்கிக்கும் எண் கட்டாயமானது 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். ஆனால் நண்பர் வேறு மாநிலத்தில் இருக்கிறார் என்றால், அன்பளிப்பாகத் தந்தாலும் உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் கைமாற வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: பாட்டில் கோல்ட் ப்ளூ, உப்புத் தொட்டியில் முக்கும் ஹாட் ப்ளூ, மெதுவாகத் துருவேற்றிச் செய்யும் ரஸ்ட் ப்ளூ, எதுவும் பூசாமல் இருப்பதைக் காப்பது. நான் தேர்ந்தெடுத்தது கடைசி வழி. மற்ற மூன்றும் தவறு என்று சொல்லவில்லை. இந்த மாதிரித் துப்பாக்கிக்கு அவை பொருந்துவது அரிது.

கோல்ட் ப்ளூவை இரண்டு வரியில் முடித்துவிடலாம். செலினியம் உப்பும் தாமிர உப்பும் கலந்த திரவம்; துடைத்தவுடன் கறுக்கும். ஆனால் அது மேலாக ஒட்டிய மெல்லிய படலம்தான். கை படும் இடத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும், வாசனையிலேயே பழகியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு திருகுத் தலை, ஒரு கீறல், அதற்கு மேல் வேண்டாம். கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம்.

ஹாட் ப்ளூவில் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியஸில் கொதிக்க வைத்து முக்குகிறார்கள். நிறம் சீராக, ஆழமாக வரும். வீட்டில் செய்யும் வேலை அல்ல. இதில் எனக்குக் கை அனுபவம் இல்லை. கடைகளில் செய்து வந்தவற்றைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இரண்டு குறைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஈயப்பற்று வைத்த பாகம் எதுவாக இருந்தாலும் அந்தக் காரம் பற்றை அரித்துவிடும். அடுத்தது, இணைப்பு இடுக்குகளில் புகுந்த உப்பைச் சரியாகக் கழுவாவிட்டால், மாதங்கள் கழித்து வெள்ளையாகப் பூத்து வெளியே வரும். அதனடியில் புதுத் துரு.

ரஸ்ட் ப்ளூதான் உண்மையான போட்டியாளர். உலோகத்தில் மெல்லிய துருவை வேண்டுமென்றே ஏற்றி, அதைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைத்தால், சிவப்புத் துரு கறுப்பு மேக்னடைட்டாக மாறும். உதிரியைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி துருவேற்றுவார்கள். இப்படி ஆறேழு சுற்று, சில சமயம் அதற்கும் மேல். பற்றுக்கு ஆபத்தில்லை, நீடித்து உழைக்கும், பார்க்கவும் அழகு. அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறேன்?

ஏனென்றால் பூச்சுக்கு முன்னால் பாலிஷ் வருகிறது. என் முடிவைத் தீர்மானித்தது அந்த ஒன்றுதான்.

ரஸ்ட் ப்ளூவோ ஹாட் ப்ளூவோ, பழைய பூச்சையும் துருக்குழிகளையும் எடுத்து உலோகத்தை வெறுமையாக்கிய பிறகுதான் தொடங்க முடியும். குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு இரும்பைச் சுற்றிலும் எடுக்க வேண்டும். 67இன் குழலில் மாடல் பெயரும் தோட்டா வகையும் மெல்லிய எழுத்தாகப் பதிக்கப்பட்டிருக்கும். பக்கத்திலேயே நீள்வட்டத்துக்குள் சிறிய சோதனை முத்திரை. தொடாத துப்பாக்கியில் நகத்தை அந்த எழுத்தின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் நகம் லேசாகத் தட்டும். பஃபிங் சக்கரத்தில் வைத்த குழலில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். எழுத்தின் ஓரம் உருகியதுபோல் இருக்கும், திருகுத் துளையின் விளிம்பு கிண்ணம்போல் குழிந்திருக்கும். அதன்மேல் எவ்வளவு நல்ல கறுப்பு ஏறினாலும் வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். எடுத்த இரும்பை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

விற்கும் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. நல்ல கைவினைஞர் ரஸ்ட் ப்ளூவுக்குக் கேட்கும் கூலி, பெரும்பாலும் ஒரு 67இன் சந்தை விலையையே தாண்டிவிடும். செலவழித்த பிறகு துப்பாக்கியின் மதிப்பு ஏறுவதும் இல்லை. பழசு விரும்பிகள் தேய்ந்த அசல் பூச்சுக்குக் கொடுக்கும் விலையைப் புதுப் பூச்சுக்குக் கொடுக்க மாட்டார்கள். அதே வின்செஸ்டரின் போட்டி ரைஃபிளான மாடல் 52 கைக்கு வந்திருந்தால், பாலிஷ் செய்வதால் வரும் நஷ்டம் இன்னும் பெரிது.

சரி, காப்பது என்றால் எண்ணெய் தடவிச் சும்மா வைப்பது அல்ல. துருவை நிறுத்தியாக வேண்டும். அதற்கு ரஸ்ட் ப்ளூவின் பாதி வேலையை மட்டும் கடன் வாங்கலாம்: புதிதாகத் துருவேற்றாமல், ஏற்கெனவே இருக்கும் துருவை மட்டும் கொதிக்க வைப்பது.

முதலில் தோட்டா அமரும் அறையான சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். விசையை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டைப் பின்னால் இழுத்தால் கழன்றுவிடும். கட்டையின் அடியில் இருக்கும் ஒரே பெரிய திருகைக் கழற்றினால் இரும்பு தனியாக வரும். அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கை முழுதும் எடுங்கள். அடுப்புப் பக்கத்தில் வேண்டாம், வெளியில் வைத்துச் செய்யுங்கள். குழலும் ஆக்‌ஷனும் முழுதாக முழுகும் ஒரு மீட்டர் நீளத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, இருபது முதல் முப்பது நிமிடம் விடுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது; அதிலுள்ள உப்புகள் திட்டுத் திட்டாகப் படியும். எடுக்கும்போது சிவப்புத் துரு கறுப்பு வெல்வெட் துணி போல நிற்கும். 0000 ஸ்டீல் ஊலால் (மிக மெல்லிய இரும்பு நார்) அழுத்தாமல் தேய்த்தால் கறுப்புப் பொடி உதிர்ந்து, அடியில் இருக்கும் பழைய ப்ளூ அப்படியே தெரியும். ஸ்டீல் ஊல் கடையிலிருந்து பெரும்பாலும் எண்ணெய்ப் பூச்சோடுதான் வரும்; அதையும் அசிட்டோனில் அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த சுற்று திட்டாகும். இரண்டு மூன்று சுற்றில் சிவப்பு வருவது நின்றுவிடும். குழலின் உட்புறத்தை ஒவ்வொரு முறையும் உடனே உலர்த்துங்கள். கடைசியில் சூடு இருக்கும்போதே எண்ணெய் தடவி, ஒரு இரவு ஊறவிடுங்கள்.

குழி இருந்த இடத்தில் குழி இருக்கும். இது புதுசாகக் காட்டாது. ஆனால் எழுத்து போகாது.

கட்டைக்கும் இதே நியாயம். மணல்தாள் வேண்டாம். தொடக்க கால 67களில் முன்பக்கக் கட்டையில் விரல் பிடிக்கும் பள்ளம் உண்டு. ஒரு முறை தேய்த்தால் அது ஆழம் குறைந்து அசிங்கமாகிவிடும். அமுங்கிய பள்ளமென்றால் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி கொடுத்தால் மேலெழும்; வெட்டுப்பட்ட இடம் எழாது. பல வருட எண்ணெய் குடித்துக் கறுத்த பகுதிக்குக் கால்சியம் கார்பனேட் தூளை அசிட்டோனில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தட்டிவிடுங்கள். தூள் பழுப்பாக மாறினால் எண்ணெயை உறிஞ்சியிருக்கிறது என்று பொருள். பிறகு ‘பாயில்ட்’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெய், விரல் நுனியில் எடுத்த அளவு மட்டும். அந்த எண்ணெயைத் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து அப்புறம் எறியுங்கள்.

சுடும் பகுதியில் பார்க்க வேண்டியவை சில. மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது விசையை அழுத்தியும் தோட்டா வெடிக்கவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்ற ஓடுவதற்கு முன் போல்ட்டைக் கரைப்பானில் ஒரு இரவு ஊறவையுங்கள். பழைய எண்ணெய் கெட்டியாகி வார்னிஷ் ஆகி, தோட்டாவை அடிக்கும் ஊசியின் வேகத்தைக் குறைத்திருக்கும். பல சமயம் குறை அத்தோடு தீர்ந்துவிடும்.

காலித் தோட்டா சிக்கிக்கொள்கிறதா? சேம்பரின் வாயை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இந்த .22 ரிம்ஃபயர் வகை; அதில் ஊசி அடிப்பது தோட்டாவின் விளிம்பில். தோட்டா இல்லாமல் சுட்டுப் பழகியிருந்தால் ஊசி நேராகச் சேம்பர் விளிம்பில் அடித்து, உலோகத்தை உள்ளே பிதுக்கியிருக்கும். இதற்கென்று இருக்கும் சேம்பர் அயர்ன் கருவியால் பிதுங்கியதைத் திரும்ப வெளியே தள்ளலாம். அரம் வைத்து எடுக்காதீர்கள்; எடுத்த இடத்தில் தோட்டாவின் உலோகக் கூடான கேஸுக்குத் தாங்கல் போய், விளிம்பு வெடித்து வாயு பின்னால் வரும். தோட்டா இல்லாமல் பயிற்சி செய்ய வேண்டுமென்றால், அதற்குப் பதிலாகச் சேம்பரில் வைக்கச் சுவரில் திருகு மாட்டும் 4ஆம் எண் மஞ்சள் பிளாஸ்டிக் பிளக் ஒன்று போதும்.

சிக்கலுக்கு இன்னொரு காரணம் ஷார்ட் தோட்டா. இந்தத் துப்பாக்கி ஷார்ட், லாங், லாங் ரைஃபிள் மூன்றையும் ஏற்கும். ஷார்ட்டின் கேஸ் 10.7 மில்லிமீட்டர், லாங் ரைஃபிளின் கேஸ் 15.6. ஆயிரக்கணக்கில் ஷார்ட் சுட்ட குழலில், இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த 5 மில்லிமீட்டரில் கரியும் ஈயமும் வளையமாகக் கட்டியிருக்கும். பழைய குழல்களில் அரிப்பும் சேர்ந்திருக்கும். கரி என்றால் வெண்கலப் பிரஷும் கரைப்பானும் தீர்க்கும். போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமிருந்தே கம்பி விடுங்கள். குழல்வாய்ப் பக்கமிருந்து விட்டால் கம்பி உரசி வாய் தேயும், துல்லியம் அங்கேதான் கெடும்.

புதுப் பூச்சு நியாயமாகும் ஒரே சந்தர்ப்பமும் உண்டு. முன்னால் யாரோ ஏற்கெனவே பஃப் செய்து எழுத்தை அழித்திருந்தால், காக்க அசல் எதுவும் மிச்சமில்லை. அப்போது ரஸ்ட் ப்ளூ செய்துகொள்ளுங்கள். ஹாட் ப்ளூவைவிட அதுவே பாதுகாப்பு.

திரும்பப் பூட்டும்போது கட்டைத் திருகை முறுக்கித் தள்ளாதீர்கள். அதிக இறுக்கத்தில் திருகைச் சுற்றி மரம் விரியும். இறுக்கம் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். கழற்றும் முன் திருகும் கட்டையும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு வைத்தால், ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தலாம். ஃபோம் உறையிலோ தோல் உறையிலோ மாதக்கணக்கில் வைக்க வேண்டாம், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூட்டிய அலமாரி, சிலிக்கா ஜெல், வருடத்துக்கு இரண்டு முறை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.