மண்டபத்தில் ஓட்டை, பரமக்குடியில் ஒட்டு: ரப்பர் படகோடு நாலு வருடம்

ரப்பர் படகு என்றுதான் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். என்னுடையதில் ரப்பர் துளிகூடக் கிடையாது, முழுக்க பிவிசி துணி. மண்டபத்துக்கும் அரியமானுக்கும் நடுவில், வடகடல் பக்கம் தூண்டில் போடுவதற்காக நாலு வருடத்துக்கு முன் வாங்கிய பத்தடிப் படகு. தென்கடல் தீவுப் பக்கம் போவதில்லை. அது தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் தீவில் கால் வைக்கத் தடை.

இதுவரை ஆறு ஓட்டை, ஒரு பெரிய கிழிசல். வாங்கும்போது பாறையும் சிப்பியும் கிழித்துவிடும் என்றுதான் பயந்தேன். ஆனால் ஏழில் ஒன்றுதான் தண்ணீரில் விழுந்தது. மற்றதெல்லாம் கரையில், சீமைக்கருவேல முள்ளும் பனங்கருக்கும் செய்த வேலை. ராமநாதபுரத்தில் படகை எங்கே இறக்கி வைத்தாலும் அடியில் ஒரு முள் காத்திருக்கும்.

முதல் ஓட்டைக்கு உச்சிப்புளியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் தேய்த்து, சொல்யூஷன் தடவி, டியூப் துண்டை ஒட்டினார். ஒட்டும்போதே, “தம்பி, இது டியூப் இல்ல, பிளாஸ்டிக்கு. நிக்கும்னு நான் சொல்லலை” என்றார். மறுநாள் காலையில் கொழுக்கட்டையிலிருந்து வாழை இலையை எடுப்பது போல அது உரிந்து வந்தது. அந்த சொல்யூஷன் ரப்பரைத்தான் பிடிக்கும். பிவிசிக்கு பாலியூரித்தேன் பசை வேண்டும், அதுவும் கடினமாக்கி (பசையை இறுக வைக்கும் திரவம்) கலந்து பூசுகிற இரட்டைப் பசை. ஹைப்பலான் என்ற செயற்கை ரப்பர் துணிப் படகு வைத்திருப்பவர்களுக்கு இது ஆகாது, அதற்கு நியோப்ரீன் பசை தனி. துணி எது என்று சந்தேகமாக இருந்தால் ஓர் ஓரத்தில் உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். ஹைப்பலான் என்றால் பொடி உதிரும்.

சரியான பசை வந்த பிறகும் இரண்டாவது ஒட்டு இரண்டே வாரத்தில் தூக்கிக்கொண்டது. ஆன்லைனில் வாங்கிய பசை பழசாக இருக்கும் என்று திட்டிக்கொண்டிருந்தேன். பிரித்துப் பார்த்தால் பசையின் மேல் மாவு பூத்த மாதிரி வெள்ளையாக ஒரு படலம். ஒட்டியது சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டுத் திண்ணையில் வைத்து. பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் சில்லென்று ஆகிவிடும். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்க்குமே, அதே போலக் கடல்காற்றின் ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் ஈரத்தோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். வீட்டில் சாயங்காலம் 85 சதவீதம், உச்சி வெயிலிலும் 70-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். இந்த வேலைக்கு 60-க்குள் இருந்தால் நல்லது. அதனால் மூன்றாவது ஒட்டிலிருந்து படகைச் சுருட்டிக்கொண்டு, கடலிலிருந்து தள்ளியிருக்கும் பரமக்குடியில் மாமனார் வீட்டுக்குப் போய்விடுகிறேன். மே மாதம் மதியம் மூன்று மணிக்கு அங்கே மீட்டர் 40-ஐக் காட்டியது. வெயிலில் உட்கார்ந்தால் பசை பூசும் முன்பே காய்ந்துவிடும், அதனால் வேலை கூடத்தில். நாற்றம் தாங்காமல் மாமியார் ஜன்னலையெல்லாம் திறந்து வைப்பார். அதுவும் நல்லதுதான், அந்தக் கடினமாக்கி மூச்சுக்கு ஆகாது. கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டையிலிருந்து எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் தாண்டுகிற மாதிரி துண்டு வெட்டி, மூலைகளை வட்டமாக்கிவிடுவேன். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். இரண்டு பக்கமும் லேசாக உப்புத்தாள், பிறகு அசிட்டோன் துடைப்பு. பசையை மெல்லிசாக இரண்டு பூச்சு. முதல் பூச்சு நன்றாகக் காய வேண்டும், இரண்டாவது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டி முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காற்றடிக்காமல் விட்டுவிடுவேன். திறந்த கடினமாக்கிப் புட்டியை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், ஈரம் குடித்துக் கல்லாகிவிடும்.

முள் குத்தினால் ஒட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவியதும் ஓரிடத்தில் எள்ளளவு நுரை பூத்தது. நகத்தால் தடவினால் நெருடல். இடுக்கியால் பிடித்து இழுத்தேன், அரை அங்குல முள்முனை முறிந்து உள்ளேயே நின்றிருந்தது. அதோடு சேர்த்து ஒட்டியிருந்தால் மறுபடி குத்தியிருக்கும்.

கிழிசல் கதை வேறு. பனந்தோப்பு வழியாகப் படகை இழுத்து வரும்போது கீழே கிடந்த மட்டையின் கருக்கு நாலு அங்குலத்துக்கு அறுத்துவிட்டது. இவ்வளவு நீளத்துக்கு வெளியே மட்டும் ஒட்டினால் போதாது. ஒரு துண்டை மடித்து உள்ளே நுழைத்து, விரித்து, முதலில் உட்புறம் ஒட்டி, மறுநாள் வெளியே இன்னொன்று. உள்ளே விட்ட துண்டு பாதி வழியில் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு என்னை அழ வைத்தது. அதற்குப் பதிலாக உள்ளே விட்ட துண்டுக்கும் துணிக்கும் நடுவில் பாலிதீன் தாளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டே அழுத்தினேன். ஒன்றரை வருடமாக அந்த ஒட்டு நிற்கிறது.

ஓட்டையே இல்லாமல் ஓட்டை தேடிய நாட்களும் உண்டு. மதியம் 2.5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்த படகு காலையில் தொளதொளவென்று கிடக்கும். உள்ளே இருக்கும் காற்று பத்து டிகிரி குளிர்ந்தாலே கிட்டத்தட்ட அரை பிஎஸ்ஐ குறைந்துவிடும், அவ்வளவுதான். படகின் இரண்டு காற்றறையும் ஒரே அளவு தளர்ந்திருந்தால் நான் சோப்புத் தண்ணீரை எடுப்பதில்லை. ஒன்று மட்டும் தளர்ந்தால் முதலில் வால்வைப் பார்ப்பேன், பெரும்பாலும் அதில் மணல்தான் இருக்கும். கழுவ நல்ல தண்ணீர் இரண்டு குடம் வேண்டும். ‘தண்ணியில்லாக் காடு’ என்று பேர் வாங்கிய மாவட்டத்தில் வீட்டில் அதற்குக் கிடைக்கும் முறைப்பு தனி.

இப்போது பின்பலகை ஒட்டுகிற தையலோரம் மெதுவாகக் கசிகிறது. அங்கே துண்டு உட்காராது, பலகையைப் பிரித்தால்தான் முடியும். அதனால் பம்பைக் கூடவே எடுத்துப் போகிறேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை பத்து மிதி.