அயோடின் வட்டமும் நெல் அமைலேஸும்: நாலு வருஷப் பழக்கம்

கார் பட்ட அறுவடையில் ரெண்டு நாள் மழை பிடித்துக்கொண்டால் அம்பாசமுத்திரம் பக்கம் நெல் கதிரிலேயே முளைத்துவிடும். "இத யாருட்டி வாங்குவா? கோழிக்குத்தான் போடணும்" என்று சித்தப்பா உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டிய அம்பை 16 ரக நெல்மணிகளில்தான் என் ஆய்வு ஆரம்பித்தது. முளைக்கும்போது மணியின் மாவுச்சத்தைக் கரைக்கிற ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியின் குடும்பத்தில் எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்பது கேள்வி. அதற்காக நாலு வருஷம் புழங்கிய சாமான்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் கணினி. நெல் மரபணுத்தொகுப்பு 2005-லேயே முழுதாக வெளிவந்துவிட்டது, தேடக் காசு கிடையாது. ஆல்ஃபா அமைலேஸில் இருக்கும் ஒரு புரதப்பகுதியை வைத்துத் தேடினேன்; புரதப்பகுதிகளின் பட்டியலில் அதன் எண் பிஎஃப் 00128. மீனுக்குப் போட்ட வலையில் தண்ணிப்பாம்பும் வந்தது. மாவுச்சத்துக்குக் கிளை கட்டுகிற நொதி, கிளையை வெட்டுகிற ஐசோஅமைலேஸ், புல்லுலனேஸ் எல்லாவற்றிலும் அதே பகுதி உண்டு. அத்தனையையும் அமைலேஸ் என்று எண்ணி ஒரு கூட்டத்தில் வாசித்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆல்ஃபா அமைலேஸின் வால்பக்கம் இருக்கும் பிஎஃப் 07821 பகுதியையும் சேர்த்துச் சலித்தால் வலை சுத்தமாகிவிடும். மரபணுக்களின் உறவைக் காட்டும் மரம் வரைய மெகா என்ற மென்பொருள் போதும், அதில் குறையில்லை.

எனக்கு உண்மையாக உழைத்தது மாவு கலந்த அகார் (கடல்பாசிக் கூழ்) தட்டுதான். உமி நீக்கிய மணியைக் குறுக்கே வெட்டி, கருவில்லாத பாதியை ஜிப்ரெலின் என்ற தாவர ஹார்மோன் சேர்த்த தட்டில் வைக்கவேண்டும். ரெண்டு மூன்று நாள் கழித்து அயோடின் ஊற்றினால் தட்டெல்லாம் கருநீலம், மணியைச் சுற்றி மட்டும் வெளுத்த வட்டம். ஜிப்ரெலின் இல்லாத தட்டில் வட்டம் விழாது. முழு மணியில் கரு அனுப்புகிற சேதியை இங்கே நாம் கையால் ஊற்றுகிறோம், அவ்வளவுதான். முதல் வட்டத்தைப் பார்த்த அன்றைக்கு மதியம் சாப்பிட மறந்துவிட்டேன்.

தொல்லையும் உண்டு. நம்மூர் வெக்கைக்குப் பூஞ்சை சீக்கிரம் ஏறும். பூஞ்சையும் அமைலேஸ் சுரக்கும். என் தட்டில் ஆகப் பெரிய வட்டம் போட்டது ஒருநாள் ஆஸ்பர்ஜில்லஸ்! மணியைக் கிருமி கொல்லும் ஹைப்போகுளோரைட்டில் ஊறவைத்து நன்றாக அலசாமல் தொடங்கவே கூடாது. நீலமும் நிற்காது, வெளிறிவிடும். ஊற்றிய கையோடு படம் எடுத்துவிடவேண்டும். மாவுச்சத்தை உடைக்கிற இன்னொரு நொதியான பீட்டா அமைலேஸ் குறுக்கே வருகிறதா என்ற சந்தேகத்துக்கு, மணியின் சாற்றில் கால்சியம் சேர்த்து 70 டிகிரியில் கால் மணிநேரம் வைப்பது பழைய வழி. பீட்டா செத்துவிடும், ஆல்ஃபா தாங்கும்.

ஆனால் வட்டம் எந்த மரபணுவின் வேலை என்று தட்டு சொல்லாது. நெல்லின் ஆல்ஃபா அமைலேஸ் மரபணுக்களுக்கு ஆர்ஏமி என்று பெயர். அதில் 1ஏ ஜிப்ரெலினுக்கு எழும். 3டி சர்க்கரை வற்றினால் எழும். ரெண்டின் வெளுப்பும் கண்ணுக்கு ஒன்றுதான். பிரித்துப் பார்க்க, விழித்த மரபணு எழுதுகிற நகலான ஆர்என்ஏவுக்குப் போகவேண்டும். ஒன்பதாவது குரோமோசோமில் 3ஏ, 3பி, 3சி மூன்றும் ஒட்டுத்திண்ணை வீடுகள் மாதிரி அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, டிஎன்ஏ வரிசையும் ஏறக்குறைய ஒன்று. மரபணுவின் நடுவில் பிரைமர் (வேண்டிய மரபணுவைப் பிடிக்கிற குட்டி டிஎன்ஏ துண்டு) வைத்து ஒரு வருஷம் வீணடித்தேன். வால்பக்கத்தில், புரதமாக மாறாத பகுதியில் வைத்தபிறகு 3ஏ தனியே பிரிந்தது. மற்ற ரெண்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அடுத்த ஜோடி பிரைமர் காருக்கு அடுத்த பிசான நடவுக்கு முன்னால் வரவேண்டும்.