கடற்கொள்ளையர் மேசை: முதலில் கப்பலா, கரையா?

சின்ன உருவங்களை மேசையில் நகர்த்தி ஆடும் கடற்கொள்ளையர் மினியேச்சர் போர் விளையாட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆசை கப்பல்தான். பாய் விரித்து, பீரங்கி வரிசையோடு மேசை நடுவே ஒரு கப்பல் நின்றால் பார்க்கிறவர் கண் அதைவிட்டு நகராது. அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் கையில் இருக்கும் பணமும் நேரமும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் கரையைக் கட்டுங்கள் என்பேன். கப்பல் அப்புறம் வரட்டும்.

இதற்கு வரலாறே துணை நிற்கிறது. 1668இல் ஆங்கிலேயக் கொள்ளையர் தலைவர் ஹென்றி மார்கன், பனாமாக் கரையிலிருந்த ஸ்பானியத் துறைமுகமான போர்ட்டோபெலோவைப் பிடித்தபோது பெரிய கப்பல்களைத் தொலைவில் விட்டுவிட்டு, சிறு படகுகளில் கரையோரமாக வந்து, இருட்டில் இறங்கி நடந்து, நகரைத் தரைவழியாகத் தாக்கினார். 1671இல் பனாமாவுக்குப் போனது சாக்ரெஸ் ஆற்றின் வழியாகவும் காட்டுக்குள் கால்நடையாகவும். அந்தக் காலத்தின் பெயர்பெற்ற இந்த இரண்டு கொள்ளைகளையும் ஒரு கொள்ளையர் கப்பல்கூட இல்லாமல் மேசையில் ஆடிவிடலாம். நான்கைந்து படகுகள், ஒரு படகுத்துறை, கொஞ்சம் காடு, ஒரு கோட்டைச் சுவர் இருந்தால் போதும்.

கப்பலின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 28 மி.மீ. உயர உருவங்களுக்குச் சுமார் 1:56 என்ற அளவு பொருந்தும், அதாவது நிஜத்தில் 56 செ.மீ. மேசையில் 1 செ.மீ. 18 மீட்டர் நீளமுள்ள ஸ்லூப் (ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல்) ஒன்று மேசையில் 32 செ.மீ. ஆகும். 30 மீட்டர் கப்பல் என்றால் 54 செ.மீ. நீளத்தைவிட அகலம்தான் சிக்கல். ஐந்தரை மீட்டர் அகலமுள்ள தளம் 10 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகவே வரும். 25 மி.மீ. பேஸ் (அடித்தட்டு) கொண்ட உருவங்களை மூன்று மூன்றாகத்தான் நிறுத்த முடியும். அதிலும் பீரங்கி வண்டி, பாய்மரம், கயிறு எல்லாம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விளையாட்டுக்கென்று கப்பல் செய்கிறவர்கள் பலர் நீளத்தைச் சுருக்கி அகலத்தைக் கூட்டுவது இதனால்தான். பார்வைக்குக் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தாலும் ஆடும்போது அந்த அகலத்தின் அருமை புரியும். சரியான விகிதத்தில் செய்த மாதிரிக் கப்பல் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக இருக்கும். விளையாட்டில் கையை உள்ளே விட்டு உருவத்தை எடுக்கவே முடியாது. கழற்றி மாட்டும் பாய்மரம் இல்லாத கப்பலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆடுவதற்காக வாங்காதீர்கள்.

கடல் சண்டைக்கு ஒரு கப்பல் போதாது, இரண்டு வேண்டும் என்பதும் உண்டு. அதைப் பலர் முதல் கப்பலை வாங்கிய பிறகே யோசிக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கப்பலுக்கு மட்டுமே உரிய ஒன்று உண்டு. எதிரிக் கப்பலின் தளத்தில் குதித்துக் கைகலக்கும் அந்தச் சில சுற்றுகளின் பதற்றத்தை எந்தக் கரைக் காட்சியும் தராது. அதற்கும் பெரிய கப்பல் தேவையில்லை. 1718 நவம்பர் 22 அன்று ஒக்ரகோக் தீவருகே கருந்தாடி என்கிற கொள்ளையன் பிளாக்பியர்டின் கதை முடிந்ததே ஸ்லூப் தளத்தில்தான். அவனைப் பிடிக்க வந்த கடற்படை லெப்டினன்ட் மேனார்ட் தன் ஆட்களைத் தளத்துக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார். தளம் காலியென்று நம்பி ஏறிவந்தவர்கள் சூழ்ந்துகொள்ளப்பட்டார்கள். அந்த இடம் மணல்திட்டுகள் நிறைந்த ஆழமற்ற நீர். எனவே முதல் கப்பல் வாங்கும் நாள் வந்தால் ஸ்லூப்பே வாங்குங்கள், கூடவே நாலு மணல்திட்டும் செய்யுங்கள்.

கடல் மட்டுமே வேண்டும், கரையில் மனமில்லை என்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. வார்லார்ட் கேம்ஸ் நிறுவனத்தின் பிளாக் சீஸ் விளையாட்டு 1:700 அளவிலும், ஃபயர்லாக் கேம்ஸ் நிறுவனத்தின் ஓக் அண்ட் அயர்ன் 1:600 அளவிலும் முழுக் கடற்படையையே ஒரு பெட்டிக்குள் அடக்கிவிடுகின்றன. முன்னது 1770 முதல் 1830 வரையிலான போர்களுக்கானது, கொள்ளையர் காலம் முடிந்த பிறகு வருவது. பின்னதுதான் நாம் ஆடும் கொள்ளையர் காலத்தோடு ஒட்டுகிறது. இந்த அளவில் டெரெய்ன் (மேசை நிலக்காட்சி) என்று நாலு தீவும் சில பாறைகளும் தவிர எதுவும் வேண்டாம்.

எந்த விதிநூல் என்பதும் மேசையைத் தீர்மானிக்கிறது. ஃபயர்லாக்கின் பிளட் அண்ட் பிளண்டர் கரையையும் கடலையும் ஒரே விதியில் கொண்டுவருகிறது. ஆட்கள் குழுக்களாக நகர்வதால் திறந்த வெளியும், மறைவுக்கு வேலிகளும், அகலமான காட்டுத் துண்டுகளும் வேண்டும். ஜெர்மனியிலிருந்து வரும் ஃப்ரீபூட்டர்ஸ் ஃபேட் கற்பனை உலகம் சார்ந்தது, பகடைக்குப் பதில் சீட்டுகளால் ஆடுவது. ஒவ்வொரு ஆளும் தனித்தனியாக நகர்வதால் சந்து, மாடிப்படி, கூரை, பால்கனி என்று நெருக்கமான துறைமுகத் தெருதான் அதற்கு உயிர். முன்னதற்குச் செய்த மேசையில் பின்னதை ஆடினால் வெறிச்சென்று இருக்கும்.

எதில் எதைக் கட்டுவது

லேசரில் வெட்டிய எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை, 3டி அச்சு, ஃபோம் என்று மூன்று முகாம்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ரசிகர்களும் மற்ற இரண்டையும் மட்டம் தட்டுவார்கள். எந்த ஊரைக் கட்டப் போகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டால் இந்தச் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

1692 ஜூன் 7 நிலநடுக்கத்துக்கு முந்தைய ஜமைக்காவின் போர்ட் ராயல் என்றால், நெருக்கமாக எழுந்த செங்கல் வீடுகள். நேர்ச்சுவரும் கூர்மையான மூலையும் கொண்ட இதற்கு எம்.டி.எஃப். தொகுப்பை அடிக்க எதுவும் இல்லை. ஒரே மாலையில் ஒரு தெருவே எழுந்து நிற்கும். ஓரங்களில் தெரியும் கருகிய கோடுகளையும் பொருத்துவாய்களையும் பட்டி பூசி மறைத்தால்தான் அது வீடாகத் தெரியும், இல்லையென்றால் பலகைப் பெட்டியாகவே நிற்கும். எம்.டி.எஃப். தண்ணீரைக் குடித்து வளையும் என்பதால், தண்ணீர் கலந்த பசை பூசுமுன் இருபுறமும் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். ஸ்பானியக் குடியேற்றம் என்றாலும் இதே பலகை உதவும். மேலே பட்டியைக் கரடுமுரடாகப் பூசி வெள்ளையடித்து, நெளி அட்டையால் ஓட்டுக்கூரை போட்டால் மதில்சூழ் முற்றமுள்ள வீடு தயார்.

1716–1718 காலத்தில் கொள்ளையர் கூடாரமாக இருந்த பஹாமாஸின் நாசாவ் என்றால் கதையே வேறு. அங்கே குடிசையும், பழைய பாய்த்துணியில் போட்ட கூடாரமும்தான் அழகு. இதற்கு எம்.டி.எஃப். வாங்குவது வீண் செலவு. பி.வி.ஏ. பசையில் (வெள்ளை மரப்பசை) நனைத்த துணி காய்ந்தால் கூடாரம். தேங்காய் நாரை வெட்டி அடுக்கினால் ஓலைக்கூரை. பணம் குறைவாக இருக்கிறவர்கள் இந்தக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். மூன்று முகாம்களையும் தாண்டி, எனக்கு மிகப் பிடித்த மேசையும் இதுதான்.

கோட்டைக்கும் பாறைக்கும் ஃபோம். சாய்ந்த கோட்டைச் சுவர், அரிக்கப்பட்ட குன்று இவற்றை வேறெதிலும் இத்தனை லேசாகவும் மலிவாகவும் செய்ய முடியாது. பொரிப்பொரியாக உதிரும் வெள்ளைத் தெர்மோகோல் வேண்டாம். அடர்த்தியான எக்ஸ்.பி.எஸ். ஃபோம் பலகையாகப் பார்த்து வாங்குங்கள். பேனாவால் கல் வரிசையைக் கீறி, கசக்கிய அலுமினியத் தாள் உருண்டையை மேலே அழுத்தி உருட்டினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். ஸ்ப்ரே பெயின்டை நேரடியாக அடித்தால் அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். முதலில் பி.வி.ஏ. பசையும் கறுப்பு அக்ரிலிக்கும் கலந்து ஒரு கோட் பூசுங்கள். சூடான கம்பியால் வெட்டும்போது எழும் புகை நல்லதல்ல, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

3டி அச்சுக்கு வீடுகளைவிடச் சின்னப் பொருள்களே பொருத்தம் என்பது என் எண்ணம். பீப்பாய், பீரங்கி, நங்கூரம், படகு என்று வளைவுள்ள, நிறைய எண்ணிக்கையில் வேண்டியவற்றை அது சலிக்காமல் செய்து தரும். கப்பல் அச்சிடலாம். ஆனால் வீட்டு அச்சுப்பொறிகள் பலவற்றின் படுக்கை சுமார் 22 செ.மீ.தான். ஸ்லூப்பே இரண்டு துண்டாக வரும், இணைப்பைத் தேய்த்து மறைக்கும் வேலை உங்களுடையது. பி.எல்.ஏ. (அச்சுப் பிளாஸ்டிக்) இழை 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போனால் கோணிக்கொள்ளும். திரவ ரெசின் (பிசின்) அச்சு இன்னும் நுணுக்கமானது. ஆனால் கையுறை, காற்றோட்டம், கழுவுதல் என்ற ஒழுங்கு இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

காகிதத்தில் அச்சடித்து மடிக்கும் வீடுகள் நீடிக்காது. ஊரின் அமைப்பை முன்கூட்டியே மேசையில் வைத்துப் பார்க்க அவற்றைவிட நல்லது இல்லை. அச்சில் வார்த்த ரெசின் கட்டடங்கள் கனம், விழுந்தால் உடையும். எங்கும் தூக்கிப் போகாதவருக்கு மட்டும்.

மேசை விரிப்பில் துணியா, ரப்பரா என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பாதி கடல், பாதி நிலம் என்று அச்சிட்ட விரிப்பு முதல் பார்வையில் மயக்கும். ஆனால் கரை எப்போதும் அதே இடத்தில்தான். முழுக் கடல் விரிப்பு ஒன்றை வாங்கி, ஓரம் சீவிய பலகைத் துண்டுகளில் மணல் ஒட்டிக் கரைகளை நீங்களே செய்துகொண்டால், இன்று விரிகுடா, நாளை இரட்டைத் தீவு என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். எடை பொறுக்கிறவர்கள் ரப்பரை எடுங்கள், மடிப்பு விழாது.

காட்டைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். மரங்களைத் தளத்தில் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். பழைய குறுந்தகடு அளவில் தளம் செய்து, மரங்கள் தனித்தனியாக எடுத்து வைக்கும்படி விடுங்கள். அப்போதுதான் எட்டுப் பேர் கொண்ட குழு உள்ளே நுழைய முடியும். மீன்தொட்டிக்கான பிளாஸ்டிக் செடிகள் அடர்ந்த காட்டுக்குப் போதும். மறைவில்லாத கடற்கரையில் துப்பாக்கி வைத்திருப்பவரே ஜெயிப்பார். வாள்வீரர்களுக்கு வழி தருவது காடுதான்.

சக ஆட்டக்காரர்கள் தருபவை

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்று வகை உண்டு: 3டி அச்சுக் கோப்புகள், கொடித் தாள்கள், காட்சித் திட்டங்கள் (யார் எங்கே தொடங்கி எதைச் சாதிக்க வேண்டும் என்கிற ஆட்டக் குறிப்புகள்). கோப்புகளில் காசு கொடுத்து வாங்குபவை பெரும்பாலும் சோதித்துப் பார்க்கப்பட்டவை. இலவசக் கோப்பில் வேறு யாராவது அச்சிட்டு எடுத்த படம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே இழையை ஏற்றுங்கள். விற்பனைக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தால் அந்தப் பீப்பாயை அச்சிட்டு விற்கக் கூடாது. அந்தச் சிற்பியின் உழைப்புக்கு நாம் தரும் குறைந்தபட்ச மரியாதை அது.

கொடித் தாள்களில் நிதானம் வேண்டும். கப்பல் தலைவன் பெயர் போட்டு ஆளுக்கொரு மண்டையோட்டுக் கொடி என்று அழகாக அச்சிட்டுத் தருவார்கள். அவற்றில் பலவற்றுக்குச் சமகாலச் சான்று கிடையாது. மண்டையோடும் எலும்பும் மணற்கடிகையும் கொண்ட கறுப்புக் கொடி 1700இல் எமானுவெல் வின் என்பவனின் கப்பலில் பறந்ததற்குப் பதிவு உண்டு. மார்கன் காலத்து ஆட்கள் அதற்கு முந்தியவர்கள், அரசு தந்த அனுமதிப் பத்திரத்தோடு ஆங்கிலக் கொடியின்கீழ் போனவர்கள். போர்ட்டோபெலோ மேசையில் மண்டையோட்டுக் கொடியை நட்டால் காலம் பிசகிவிடும். கற்பனை உலக ஆட்டத்தில் எதை வேண்டுமானாலும் பறக்கவிடுங்கள்.

கப்பலைத் தாங்களே கட்டுகிறவர்களுக்கு ரசிகர் வரைந்த கோட்டுப்படங்களைவிட 1768இல் ஸ்வீடன் கப்பல் வடிவமைப்பாளர் சாப்மன் வெளியிட்ட கப்பல் வரைபடத் தொகுப்பு நம்பகமானது. பெர்முடா ஸ்லூப் ஒன்றின் வரைபடமும் அதில் இருக்கிறது, பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. கொள்ளையர் காலத்துக்கு அரை நூற்றாண்டு பிந்தியது என்பதை மட்டும் நினைவில் வைத்து, முன்சொன்னபடி அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காட்சித் திட்டங்களில் நிறுவனம் தருபவை சமநிலை பார்த்துச் செய்யப்பட்டவை, போட்டிக்கு அவையே சரி. ரசிகர்கள் எழுதுபவை பெரும்பாலும் ஒரு பக்கம் சாயும். ஆனால் உண்மையான கொள்ளை எதுவுமே சமமாக நடந்ததில்லை என்பதால் கதை அவற்றில்தான் இருக்கிறது. காவலர்கள் விழிக்குமுன் மதிலைத் தொட வேண்டும், மூட்டையோடு படகுக்குத் திரும்ப வேண்டும் என்கிற மாதிரிக் குறிக்கோள் உள்ளவற்றைத் தேடி எடுங்கள். சாய்வு அதிகமாகத் தெரிந்தால் ஒரே நாளில் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடி, எடுத்த கொள்ளையைக் கூட்டிப் பார்த்து வெற்றியைத் தீர்மானியுங்கள்.