சிட்ஸ் பாத் தொட்டி: தையலோடு வீடு திரும்பியவளின் அனுபவம்

சுகப்பிரசவம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குப் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடையில் இரண்டாம் நிலைக் கிழிசல். தோலோடு தசையும் கிழிந்து தையல் போட்டிருந்தார்கள். மாத்திரைச் சீட்டு தந்த மருத்துவமனையில், எப்படி உட்காருவது, எப்படிக் கழுவுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. நாலு நாள் ஒருக்களித்துப் படுத்தேதான் பால் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் அக்கா இந்த சிட்ஸ் பாத் தொட்டியை, அதாவது தையல் போட்ட இடம் வெந்நீரில் நனையும்படி உட்காருகிற தொட்டியை, வாங்கி வந்தாள். வெஸ்டர்ன் டாய்லெட் மேல் பொருத்துகிற பிளாஸ்டிக் பேசின். அதிகத் தண்ணீர் வழிந்துபோக ஓரத்தில் துளைகள். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர், பத்து நிமிடம், காலையும் மாலையும். முதல் தடவை உட்கார்ந்ததும் சுருக் சுருக்கென்று இழுத்துக்கொண்டிருந்த தையல் மெல்ல இளகியது. அழுதுவிட்டேன். பிறகு சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது.

குறை என்றால், அம்மா வீட்டு இந்தியன் டாய்லெட்டுக்கு இது ஆகாது. எழுந்திருக்கும்போது தொட்டி கொஞ்சம் நகர்கிறது, பக்கத்தில் ஆள் வேண்டும்.

இது வலியைத்தான் தணிக்கும். காய்ச்சல், சீழ், நாற்றம், தையல் பிரிவது, மலமோ காற்றோ அடக்க முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். ஆசனவாய்த் தசைவரை கிழிந்திருந்தால் அது மூன்றாம் நிலை; அதற்கு இடுப்புத்தளப் பிசியோதெரபியும் (இடுப்பின் அடித்தசைகளை வலுவாக்கும் பயிற்சி) கேட்டு வாங்குங்கள்.

தங்கைக்கு இப்போது எட்டாம் மாதம். புதிதாக ஒன்று வாங்கி அவள் பிரசவப் பையில் வைத்துவிட்டேன்.