ஆர்.எல். பெட்போர்ட்டுக்கு எந்த எஞ்சின்? திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

பழைய இராணுவச் சரக்கு லொறி ஒன்றை ஏலத்திலோ பழைய இரும்புக் கடையின் முற்றத்திலோ எடுத்துவந்து நிறுத்தியவருக்கு, துருவைச் சுரண்டி முடிப்பதற்குள்ளேயே எஞ்சினைப் பற்றிய கேள்வி வந்துவிடும். உள்ளே இருக்கும் பெற்றோல் எஞ்சினைச் செப்பனிட்டு வைத்திருப்பதா, அதே நிறுவனத்தின் டீசல் எஞ்சினை மாற்றிப் போடுவதா, அல்லது அனுராதபுரச் சந்தியில் நிற்கும் எந்த லொறிக்காரரும் பரிந்துரைப்பது போல டாட்டா எஞ்சின் ஒன்றை இறக்குவதா? மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. மூவரும் பெரும்பாலும் குதிரைவலுவையும் எரிபொருள் விலையையும் வைத்தே வாதிடுகிறார்கள். என் கணிப்பில் இந்த லொறியைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை பிறேக்கும் கியர் விகிதமும்தான்.

எல்லா இராணுவ லொறிகளையும் ஒரே கட்டுரைக்குள் அடக்க முடியாது என்பதால், பெட்போர்ட் ஆர்.எல். வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் தொழிற்சாலையில் 1953 முதல் 1969 வரை செய்யப்பட்ட, நான்கு சக்கரங்களுக்கும் ஓட்டம் கொடுக்கக்கூடிய மூன்று தொன் லொறி அது. பெட்போர்ட்டின் குடிசார் 'எஸ்' வகை லொறியின் உறுப்புகளை அடிப்படையாகக் கொண்டு உருவானது. இங்கிலாந்தில் பச்சை நிறத்தில் நின்ற பழைய அவசரகாலத் தீயணைப்பு வண்டிகளில் ஒரு பகுதியும் இதே சேஸியில் அமைந்தவையே. எஞ்சின் சாரதிக்கும் உதவியாளருக்கும் நடுவே, கபினுக்குள்ளேயே இருக்கும். எந்த எஞ்சினைப் போடுவது என்பதில் இந்த அமைப்புக்கும் பெரிய பங்கு உண்டு.

முதலில் மூல எஞ்சின். 4.9 லீற்றர் கொள்ளளவுள்ள, ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். தரம் குறைந்த போர்க்காலப் பெற்றோலிலும் ஓடவேண்டும் என்ற நினைப்போடு தாழ்ந்த அழுத்த விகிதத்தில் வடிவமைக்கப்பட்டது. ஆகவே 92 ஒக்ரேனே இதற்குத் தாராளம். 95 ஊற்றுவது பணத்தை ஊற்றுவதுதான். காபரேற்றர், டிஸ்ரிபியூட்டர், பெற்றோல் பம்ப் ஆகிய மூன்றையும் விளங்கிக்கொண்ட ஒருவர், சாதாரணச் சாவிகளோடும் இடைவெளி அளக்கும் ஒரு பீலர் கேஜோடும் வீட்டு வாசலிலேயே பெரும்பாலான கோளாறுகளைத் தீர்த்துவிடலாம். எரிபொருளைத் திட்டமாகத் தெளிக்கும் நுண்ணிய கருவி எதுவும் இதில் இல்லாததால், தூசியும் உப்புக்காற்றும் இதை முற்றாக முடக்கிவிடுவதில்லை.

ஆனால் எங்களூர்க் காலநிலை இதன் இரண்டு பலவீனங்களையும் வருடத்தில் இரண்டு தடவை தேடிப்பிடிக்கிறது. மே மாதத்திலிருந்து கச்சான் காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு வீசும் மதியங்களில், மூடிய கபினுக்குள் வேகும் எஞ்சினுக்குப் பக்கத்தில் செல்லும் பெற்றோல் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் திணற, லொறி கந்தளாய்ப் பாதையோரம் நின்றுவிடும். குழாயை எஞ்சினிலிருந்து விலக்கிக் கொண்டுபோய், வெப்பம் தடுக்கும் உறையிட்டு, வேண்டுமானால் தாங்கிக்கு அருகில் ஒரு மின்சாரப் பம்பையும் பொருத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். வாடை தொடங்கிய பின்னர் வருவது ஈரம். டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் படியும் ஈரப்பசையும், செம்புக் கம்பி முனைகளில் பூக்கும் பச்சைக் களிம்பும் காலையில் எஞ்சினைக் கிளப்பவிடாது. பிளக் வயர்களைப் புதிதாக மாற்றி, மூடியை உலர்த்தி வைத்தால் போதும் என்றாலும், அதைத் தொடர்ந்து செய்யும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஈயமற்ற பெற்றோல் பற்றிய பயத்தையும் சொல்லவேண்டும். இலங்கையில் 2002 முதல் ஈயம் கலந்த பெற்றோல் விற்கப்படுவதில்லை. ஈயம் வால்வ் சீற்றுகளுக்கு ஒருவகைப் பூச்சாக இருந்தது. அது இல்லாதபோது பாரத்தோடு நெடுநேரம் வேகமாக ஓடினால் எக்ஸோஸ்ற் வால்வ்கள் மெல்ல மெல்லச் சீற்றுக்குள் புதையும். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையே மெதுவாக ஓடும் லொறிக்கு இது உடனடி ஆபத்தன்று. ஹெட்டை எப்படியும் கழற்றுகிற நாளில் கடினப்படுத்திய சீற்றுகளைப் போடச் சொன்னால் அந்தக் கவலை அத்தோடு முடிந்துவிடும்.

தீராத குறை எரிபொருள்தான். பாரம் ஏற்றிய ஆர்.எல். ஒரு லீற்றர் பெற்றோலில் மூன்று கிலோமீற்றரைத் தாண்டுவது அரிது. பிரித்தானியர் கட்டிவைத்த எண்ணெய்க் குதங்கள் சீனன்குடாக் காட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன என்பதற்காக எங்களுக்கு யாரும் விலையைக் குறைத்துத் தரப்போவதில்லை. 2022ஆம் ஆண்டின் வரிசைகளையும் கியூஆர் பங்கீட்டையும் அனுபவித்தவர்கள், பெற்றோல் குடிக்கும் லொறியைப் பிழைப்புக்கு நம்பமாட்டார்கள், அது நியாயமே.

இனி இரண்டாவது வழியான பெட்போர்ட் 330 டீசல். 5.4 லீற்றர், இதுவும் ஆறு சிலிண்டர். 330 என்பது கன அங்குலக் கணக்கு. குடிசார் பெட்போர்ட் லொறிகளிலும் பஸ்களிலும் பரவலாகப் பொருத்தப்பட்டிருந்த எஞ்சின் என்பதால், பழைய லொறிக்காரர்களின் வளவுகளில் இன்னும் தேடினால் அகப்படும். பாகிஸ்தானில் பெட்போர்ட் லொறிகள் இன்றும் பிழைப்புக்கு ஓடுவதால், பிஸ்டன், லைனர், பெயாரிங் போன்றவை புதிதாகவே செய்யப்பட்டு வருகின்றன; கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் விசாரித்தால் வழி பிறக்கும். ஒரே நிறுவனத்தின் எஞ்சின் என்பதால் கியர் பெட்டியோடு இணைப்பதற்கு, வேற்று எஞ்சினுக்குத் தேவைப்படும் அளவுக்கு வெட்டும் வெல்டிங்கும் தேவைப்படாது என்பதே இதன் பெரிய பலம்.

ஆயினும் இங்கேதான் பலரும் கவனிக்காத விடயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஆர்.எல். லொறியின் பிறேக் ஒயில் அழுத்தத்தில் இயங்குவது. சாரதியின் காலுக்கு உதவியாக வெற்றிடத்தால் இயங்கும் ஒரு சேர்வோ இருக்கும். அந்த வெற்றிடம் பெற்றோல் எஞ்சினிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது: அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தவுடன் காபரேற்றரின் தட்டு மூடிக்கொள்ள, எஞ்சின் உறிஞ்சுவதற்குக் காற்றில்லாமல் உள்ளெடுக்கும் குழாயில் வெற்றிடம் உண்டாகும், சேர்வோ அதைப் பயன்படுத்திக்கொள்ளும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அத்தகைய தட்டு கிடையாது. காற்று எப்போதும் தடையின்றி உள்ளே போய்க்கொண்டிருக்கும்; டீசலின் அளவை மட்டுமே பம்ப் கூட்டிக் குறைக்கும். ஆகவே, பெற்றோல் எஞ்சினைக் கழற்றி டீசலைப் போட்ட அன்றே சேர்வோ செத்துப்போகிறது. எஞ்சினோடு சுழலும் வெற்றிடப் பம்ப் ஒன்றையும், வெற்றிடத்தைச் சேமித்துவைக்கும் தாங்கியையும், திரும்ப வழியாத வால்வையும் பொருத்தினால்தான் பிறேக் முன்புபோல் ஆகும்.

சில கராஜ்களில் இதைச் செய்யாமலே லொறியைக் கையளித்துவிடுகிறார்கள். "பெடல் கொஞ்சம் இறுக்கம்தான், பழகினாச் சரி" என்பார்கள். வெறும் லொறியை நகருக்குள் ஓட்டிப் பார்க்கும்போது அது உண்மைபோலவே தோன்றும். மூன்று தொன் நெல்லோடு தம்பலகாமத்திலிருந்து வரும்போதோ, கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இரவில் யானை பாதையைக் கடக்கும்போதோ, இரண்டு காலையும் சேர்த்து மிதித்தாலும் லொறி நிற்காது. வெற்றிடப் பம்ப் இல்லாத டீசல் மாற்றத்தை நான் முடிந்த வேலையாக ஏற்கமாட்டேன். எஞ்சின் வாங்கும்போதே பம்ப் அதோடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை பேசவேண்டும். குடிசார் லொறிகளிலிருந்து கழற்றிய 330 எஞ்சின்கள் சிலவற்றில் இந்தப் பம்ப் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் என்பது இந்த வழிக்குச் சாதகமான இன்னொரு காரணம்.

அடுத்தது வேகம். பெற்றோல் எஞ்சின் ஏறத்தாழ 3,200 சுற்றுவரை ஓடும். 330 டீசலை, சுற்றுவேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் 2,800 அளவில் கட்டிப்போடும். பின்அச்சின் விகிதமும் ரயரின் அளவும் மாறாதவரை, முன்பு 75 கிலோமீற்றர் வேகம் ஓடிய லொறி இனி 65ஐ ஒட்டியே ஓடும். ஆர்.எல். லொறியில் அதற்கு மேல் ஓடுவது காதுக்கும் முதுகுக்கும் நல்லதல்ல என்பதால், நான் இதைக் குறையாகக் கொள்வதில்லை. கொழும்புக்கு அடிக்கடி போய்வர நினைப்பவர் மட்டும் யோசிக்கவேண்டும். இரைச்சல் வேறு விடயம்: இருக்கைகளுக்கு நடுவில் டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவரோடு கதைக்க முடியாது. எஞ்சின் மூடியின் உட்புறத்தில் தடித்த ஒலித்தடுப்பு விரிப்பு ஒட்டுவது அவசியம். அது வெப்பத்தையும் ஓரளவு தடுக்கும்.

மூன்றாவது வழியைப் பரிந்துரைப்பவர்களின் வாதம் எளிமையானது. "அண்ணை, டாட்டாவைப் போட்டா உங்களுக்குத் தலையிடி இல்லை." டாட்டா 697 எஞ்சின், மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தோடு 1954 முதல் 1969 வரை டாட்டாவுக்கு இருந்த உடன்படிக்கையின் வழிவந்தது, ஏறத்தாழ 5.7 லீற்றர். கிண்ணியாவிலும் மூதூரிலும் கூட அதன் பில்டரும் கஸ்கெற்றும் கிடைக்கும். அதை அறியாத மெக்கானிக் இல்லை. உழைப்புக்கு லொறி வேண்டும், ஒருநாள் நின்றாலும் நட்டம் என்பவருக்கு இந்த வாதத்தில் வலு இருக்கிறது.

ஆனால் அந்த எஞ்சினின் பின்முகம் பெட்போர்ட் கியர் பெட்டிக்குப் பொருந்தாது. நடுவே தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைந்து இணைக்கவேண்டும். கிளச் தட்டையும் பிளைவீலையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரச் செய்யவேண்டும். லேத் வேலையில் மையம் மயிரிழை விலகினாலும் கியர் பெட்டியின் முன் பெயாரிங் அடிக்கடி போகும்; காரணம் தெரியாமல் பெயாரிங்கையே மாற்றிக்கொண்டிருப்பவர்களும் உளர். இழுவைத்திறன் மூல எஞ்சினைவிடக் கூடுதல் என்பதும் முழு நன்மையன்று. ஆர்.எல். லொறியில் கியர் பெட்டிக்குப் பின்னால் இரண்டு விகிதங்கள் கொண்ட இடைமாற்றுப் பெட்டி இருக்கிறது; தாழ் விகிதத்தில், நிலாவெளிக் கரையில் பைபர் படகு ஒன்றை இழுக்க மணலில் புதைந்து திணறும்போது, அந்தக் கூடுதல் இழுவை முழுவதும் அச்சுக்குள்ளிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஹாவ் சாப்ற்றில்தான் வந்து விழும். முறிந்தால், அது எந்த டாட்டாக் கடையிலும் கிடைக்காத பாகம். எஞ்சினுக்கு உதிரி தேடும் தலையிடியை விற்று, அச்சுக்கு உதிரி தேடும் தலையிடியை வாங்குவதாக முடியலாம். வெற்றிடப் பம்ப் பற்றி மேலே சொன்னது இதற்கும் அப்படியே பொருந்தும். முன்அச்சின் பாரம், றேடியேற்றரின் இடம், கபின் மூடியின் உயரம் ஆகியவற்றையும் அளந்து பார்த்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும்.

எந்த டீசலைப் போட்டாலும் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மாறுவதால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்தவேண்டும்; புகைப் பரிசோதனைக்கும் தகுதிச் சான்றிதழுக்கும் போகும்போது இது முன்னே வந்து நிற்கும். எஞ்சினை விற்பவரிடம் அதன் பத்திரங்கள் இல்லையென்றால், எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுவது நல்லது.

ஓட்டும் முறையிலும் சிறு வேறுபாடு உண்டு. பெற்றோல் எஞ்சினோடு கீழ்க் கியருக்கு இறங்கும்போது, இரட்டைக் கிளச் போட்டு நடுவில் அக்சிலரேற்றரைத் தட்டினால் எஞ்சின் சட்டென்று ஏறிக்கொடுக்கும். கனமான பிளைவீலோடு வரும் டீசல் மந்தமாகவே ஏறும் என்பதால், கை சற்றுப் பொறுக்கவேண்டும். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால் ஏறும் சரிவிலோ உவர்மலையிலோ இதை முதலில் உணரலாம். முன்சக்கர ஓட்டத்தை மணலுக்கும் சேற்றுக்கும் மட்டுமே பூட்டவேண்டும் என்பது மூன்று வழிக்கும் பொது. தார்ப்பாதையில் பூட்டி ஓட்டினால், முன்னும் பின்னும் வெவ்வேறு அளவில் சுழல முடியாமல் அச்சுகளுக்குள் முறுக்கம் ஏறி ரயரையும் கியர் சக்கரங்களையும் தின்றுவிடும்.

மாதத்துக்கு ஓரிரு தடவை ஓடும், பழைமைக்காகப் பேணப்படும் லொறியென்றால் பெற்றோல் எஞ்சினைத் தொடவேண்டாம் என்பேன்; சேர்வோவும் கியர் விகிதமும் அதற்கென்றே அமைந்தவை, அதன் குறைகள் எல்லாம் வீட்டிலேயே தீர்க்கக்கூடியவை. வாரந்தோறும் நெல்லோ வைக்கோலோ ஏற்றுபவருக்கு, பம்போடு கூடிய நல்ல 330 கிடைத்தால் அதுவே சரியான தெரிவு. புளொக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று நீரழுத்தம் கொடுத்துச் சோதித்து வாங்கவேண்டும். டாட்டாவை, 330 கிடைக்காமல் போனவருக்கும், கரையில் இழுக்கும் வேலைக்கு லொறியைப் பயன்படுத்தாதவருக்கும் மட்டுமே சொல்வேன்.

மாற்றுவதென்று முடிவெடுத்தவர்கள், கழற்றிய பெற்றோல் எஞ்சினை இரும்பு நிறைக்கு விற்றுவிடவேண்டாம். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிது ஒயில் ஊற்றி, பிளக்குகளை மீண்டும் இறுக்கி, உள்ளெடுக்கும் வாயையும் எக்ஸோஸ்ற் வாயையும் அடைத்து, கடற்காற்றுப் படாத அறையில் நிலத்திலிருந்து உயர்த்தி வைத்து, மாதத்துக்கு ஒருமுறை கையால் இரண்டு சுற்றுச் சுழற்றிவிட்டால் அது பல வருடங்களுக்குக் கெடாது. பின்னொரு காலத்தில் மூல எஞ்சினோடு லொறியைக் கேட்டு வருபவர் கொடுக்கும் விலை, இன்று இரும்புக்காரர் தருவதைவிட எப்படியும் கூடுதலாகவே இருக்கும்.