நெருக்கடியான கார் ஷெட்: கயிற்றுப் பந்தா, சென்சாரா, சக்கரத் தடையா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு அரை கிரவுண்டு மனையில் நிற்கிறது. படிக்கட்டுக்கும் மோட்டார் அறைக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சிய மூலைக்குத்தான் கொத்தனார் ‘கார் ஷெட்’ என்று பெயர் வைத்தார். அதன் தரைக்கு அடியில் தண்ணீர் சம்ப் இருக்கிறது. தூணுக்கும் மதில் சுவருக்கும் இடையே 8 அடி 3 அங்குல அகலம், அதாவது 2.51 மீட்டர், பின்சுவரிலிருந்து கேட் வரை 14 அடி நீளம், அதாவது 4.27 மீட்டர். அங்கே நிற்க வேண்டிய எங்கள் ஸ்விஃப்ட் காரின் நீளம் 3.845 மீட்டர், அகலம் 1.735 மீட்டர். ஆகவே நீளவாக்கில் எனக்குக் கிடைப்பது 42 சென்டிமீட்டர், அகலவாக்கில் 77 சென்டிமீட்டர். மதில் பக்கம் கண்ணாடிக்கும் சேர்த்து 15 சென்டிமீட்டர் விட்டால், ஓட்டுநர் பக்கத்தில் கதவைத் திறந்து ஒருவர் உடம்பை ஒருக்களித்து இறங்க 62 சென்டிமீட்டர் மிஞ்சும்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், இதற்கென்று விற்கப்படுகிற கருவிகளும் வீடுகளில் பழகிவந்த உத்திகளும் எதை அளக்கின்றன என்ற கேள்வி எனக்கு எழுந்தது. பெரும்பாலானவை காருக்கும் எதிரிலுள்ள சுவருக்கும் இடையேயான தூரத்தை மட்டுமே சொல்கின்றன. குறுகிய ஷெட்டில் காரைக் கீறுவது அந்தத் தூரமல்ல, கோணம். 3.845 மீட்டர் நீளமுள்ள வண்டி வெறும் 2 டிகிரி சாய்ந்து நின்றால், அதன் முனைகளில் ஒன்று மற்றதைவிட 13 சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் விலகியிருக்கும். நான் மதிலுக்கு விட்ட 15 சென்டிமீட்டரில் ஏறக்குறைய முழுவதும் அதிலேயே போய்விடும். நேரமும் சேர்ந்து கெடுக்கிறது. மணிக்கு 3 கிலோமீட்டர் என்பது நடப்பதைவிட மெதுவான வேகம். அந்த வேகத்திலும் வண்டி நொடிக்கு 83 சென்டிமீட்டர் நகரும். ஒரு ஒலியைக் கேட்டோ விளக்கைப் பார்த்தோ கால் பிரேக்குக்குப் போக அரை நொடி ஆனால், என்னிடமுள்ள 42 சென்டிமீட்டரும் தீர்ந்துவிட்டது. எனவே ஒவ்வொரு வழியும் எதைச் சொல்கிறது என்பதோடு, அது கண்ணுக்கும் காதுக்கும் சொல்கிறதா, சக்கரத்துக்கே சொல்கிறதா என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லா வீடுகளிலும் முதலில் வருவது ஆள் நிறுத்துவதுதான். என் மனைவி பின்னால் நின்று “வாங்க, வாங்க, இன்னும் வரலாம்” என்று சொல்லி, “போதும்” என்று முடிக்கும்போது அந்தச் சொல் என் காதுக்கு வரும் முன்பே பம்பர் சுவரைத் தொட்டிருந்த நாள்கள் உண்டு. பழி யாருடையது என்பது இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் சுவருக்கும் பின்னேறி வரும் வண்டிக்கும் நடுவில் ஒருவரை, அதிலும் குழந்தையை, நிறுத்துவதைத் தவறு என்றே சொல்வேன். சாய்தளத்தில் கிளட்ச் ஒருமுறை துள்ளினால் அவருக்கு ஒதுங்க இடமில்லை.

அடுத்து, மேற்கூரையிலிருந்து நைலான் கயிற்றில் பந்தைத் தொங்கவிடும் வழி. வண்டியைச் சரியான இடத்தில் ஒருமுறை நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைப் பந்து தொடுமாறு கயிற்றை அளந்து கட்டிவிட்டால், பிறகு ஒவ்வொரு முறையும் பந்து கண்ணாடியைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளலாம். செலவு கிட்டத்தட்ட இல்லை, மின்சாரம் வேண்டாம், பழுதாவதற்கும் ஒன்றுமில்லை. எங்கள் ஊர் ஷெட்டுகளில் பல முன்புறம் திறந்த போர்டிகோக்களே என்பதால், ஐப்பசி மழைக்காற்றில் பந்து ஊசலாடிக்கொண்டிருக்கும். அப்போது அது சொல்லும் அளவில் ஓர் அடி வேறுபாடு வரலாம். கூரையில் மின்விசிறிக் கொக்கி இல்லாவிட்டால் கான்கிரீட்டில் துளையிட்டாக வேண்டும். பந்து ஆழத்தை மட்டுமே காட்டும் என்று பலரும் இதைத் தள்ளிவிடுகிறார்கள். அது முழுச் சரியல்ல. பந்தின் கயிறு ஓட்டுநரின் கண்ணுக்கு நேர் எதிரே வருமாறு அமைத்து, பின்சுவரில் அதே கோட்டில் செங்குத்தாக ஒரு சிவப்பு நாடாவை ஒட்டிவிட்டால், உள்ளே வரும்போது கயிறு நாடாவை மறைத்துக்கொண்டே இருக்கும்வரை வண்டி நேர்கோட்டில் வருகிறது என்று பொருள். துறைமுகத்தில் கப்பலைக் கால்வாயின் நடுவில் வைத்திருக்க, முன்னும் பின்னுமாக இரண்டு விளக்குகளை ஒரே கோட்டில் பார்க்கச் செய்வது இதே ஏற்பாடுதான். பந்தின் உண்மையான பயன் அதன் கயிற்றில் இருக்கிறது என்பது என் எண்ணம். குறை என்னவென்றால், இருக்கையின் உயரத்தையும் இடத்தையும் மாற்றி உட்காரும் இன்னொருவருக்கு அந்தக் கோடு சற்று விலகிவிடும். ரிவர்ஸில் ஏற்றுபவருக்கு நாடா உதவவே உதவாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ஹெட்லைட் அடையாளம். சரியாக நிறுத்திய நிலையில் லோ பீம் விளக்கின் வெளிச்சம் சுவரில் விழும் இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவைப்பது வழக்கம். அந்த ஒளி மிகச் சிறிதளவே கீழ்நோக்கி அமைந்திருப்பதால், வண்டி ஒரு மீட்டர் நெருங்கினாலும் வெளிச்ச விளிம்பு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் உயரும். ஆகவே தூரத்தைச் சொல்வதில் இது மிக மோசம். ஆனால் வண்டி கோணலாக வந்தால் இரண்டு வட்டங்களும் ஒருபுறமாக நகர்வது உடனே தெரியும். இரவில் வீடு திரும்புபவருக்கு இலவசமான கோணமானி இது. பகலில் பயனில்லை.

கூரையில் பொருத்தி, உள்ளே டேஷ்போர்டின் மீது சிவப்புப் புள்ளியை விழச்செய்யும் லேசர் கருவி, நான்கு பக்கமும் அடைத்த ஷெட்டுக்கு ஏற்றது. பந்தைப் போல ஆடாது. இரண்டு புள்ளிகள் உள்ள வகையில் இரண்டு கார்களுக்கும் ஒன்றே போதும். எங்கள் ஷெட் மேற்குப் பார்த்தது. சித்திரை வெயில் மாலை நான்கு மணிக்கு நேராக உள்ளே அடிக்கும்போது அந்தப் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது. ஒரு மில்லிவாட்டுக்கு உட்பட்ட, இரண்டாம் வகுப்பு என்று குறிக்கப்பட்ட லேசரையே வாங்க வேண்டும். அதைவிட வலுவானதை, அண்ணாந்து பார்க்கும் குழந்தைகள் உள்ள வீட்டில் மாட்டக் கூடாது.

சென்சாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதன்மீதுதான் மக்களுக்கு நம்பிக்கை அதிகம். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் புதிய பயணிகள் கார்களுக்குப் பின்புறப் பார்க்கிங் சென்சார் கட்டாயமாக்கப்பட்டது. அதன் நோக்கம் பின்னாலிருக்கும் ஆளையோ பொருளையோ இடிக்காமல் தடுப்பதே அன்றி, சுவருக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்த உதவுவது அல்ல. பல கார்களில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்குள் வந்ததும் விட்டு விட்டு ஒலித்தது ஒரே நீண்ட ஒலியாகிவிடும். அதற்குப் பிறகு 29 சென்டிமீட்டருக்கும் 5 சென்டிமீட்டருக்கும் ஒலியில் வேறுபாடு இல்லை. எனக்கு வேண்டியதோ 15 சென்டிமீட்டர். எது முக்கியமோ அந்த இடத்தில்தான் அது பேச்சை நிறுத்திவிடுகிறது.

காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பித் தூரத்தை அளக்கும், சுவரில் பொருத்தும் மீயொலிக் கருவி இதைவிட மேல். பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளை நாம் விரும்பும் தூரத்துக்கு அமைத்துக்கொள்ளலாம். பொறியியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைக் கையாலேயே செய்துவிடுகிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் எச்.சி.-எஸ்.ஆர்.04 (HC-SR04) என்ற மலிவான சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, 2 சென்டிமீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை அளக்கும். வேலூர் வெயிலில் இது தவறாக அளக்காதா என்று ஒரு நண்பர் கேட்டார். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர், 40 டிகிரியில் 355 மீட்டர். இதைக் கணக்கில் எடுக்காத கருவி, 30 சென்டிமீட்டரை 29 என்று படிக்கும். அதுவும் சுவர் நெருங்கிவிட்டதாகச் சொல்லும் பாதுகாப்பான தவறு. ஆகவே வெயிலின் மீது குற்றமில்லை. தொல்லை தருவது பம்பரின் வளைவு: சாய்ந்த பரப்பில் பட்ட ஒலி வேறு பக்கம் தெறித்துவிட்டால் கருவி எதையும் காணாது. நம்பர் பிளேட்டின் உயரத்தில், அதன் தட்டையான பரப்புக்கு நேராகப் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் வேறொரு எதிரியும் வந்தது. சென்சாரின் இரண்டு வட்டக் குழிகளில் ஒன்றைக் குளவி மண்ணால் அடைத்திருந்ததை, விளக்கு ஒரு வாரம் பச்சையாகவே நின்ற பிறகுதான் கண்டுபிடித்தேன்.

ரிவர்ஸ் கேமராவின் திரையில் தெரியும் வண்ணக் கோடுகள், வண்டியின் நான்கு சக்கரங்களும் பின்னாலுள்ள தரையும் ஒரே மட்டத்தில் இருப்பதாகக் கொண்டு வரையப்படுபவை. எங்கள் பகுதியில் அந்த நிலைமை அரிது. சாலைமீது சாலை போட்டதால் தாழ்ந்துவிட்ட பழைய வீடுகளும், அதற்கு அஞ்சி மூன்றடி உயர்த்திக் கட்டிய புதிய வீடுகளும் ஒரே தெருவில் உண்டு. இரண்டுக்கும் சாய்தளம் வேண்டும், அது தெருவுக்குள் நீளவும் கூடாது என்பதால் செங்குத்தாகவே அமைகிறது. சரிவில் ஏறி உள்ளே போகும் வீட்டில், வண்டி சரிவில் இருக்கும்வரை சுவர் உள்ளதைவிட நெருக்கமாகத் தெரியும். அதனால் வீணாக முன்னதாக நிறுத்துவோம், அவ்வளவுதான். சரிவில் இறங்கி உள்ளே போகும் தாழ்ந்த வீட்டில் சுவர் உள்ளதைவிடத் தூரமாகத் தெரியும், அங்கேதான் இடிபடும். விலை கூடிய கார்களில் வரும் 360 டிகிரி கேமராவோ பக்கக் கண்ணாடிகளுக்குக் கீழே பொருத்தப்பட்டிருப்பதால், மிகக் குறுகிய ஷெட்டில் கண்ணாடிகளை மடக்கிய உடனே அதன் பக்கக் காட்சி குலைந்துவிடுகிறது. பின்னால் நாயோ பூந்தொட்டியோ இருக்கிறதா என்று பார்க்கக் கேமராவைப் போன்றது வேறில்லை. அளந்து நிறுத்த அதை நான் நம்புவதில்லை.

இனி சக்கரத்தோடு பேசும் வழிகள். தரையில் பதிக்கும் ரப்பர் தடை, அல்லது கொத்தனார் கட்டித்தரும் நான்கு அங்குலச் சிமெண்ட் மேடு, டயர் முட்டியதும் வண்டியை நிறுத்திவிடும். கண், காது, அரை நொடி ஆகிய எதுவும் இடையில் இல்லை. அளவெடுப்பதில்தான் கவனம் வேண்டும். சக்கரத்துக்கு அப்பால் பம்பர் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. சிறிய ஹேட்ச்பேக் கார்களில் பின்புறம் குறைவு. எனவே முன்னால் ஏற்றிய வண்டிக்குப் பொருத்திய தடை, ரிவர்ஸில் ஏற்றினால் பொருந்தாது. தடை பம்பரின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். சிமெண்ட் மேடாக இருந்தால் கழுவும் தண்ணீர் ஓட நடுவில் இடைவெளி விட வேண்டும். சம்ப்பின் மேல்தளத்தில் மட்டும் துளையிட்டு ஆங்கர் போல்ட் அடிக்கக் கூடாது. அழுக்கு நீர் குடிநீரில் இறங்கும், தளத்தின் கம்பியும் துருப்பிடிக்கும். அங்கே ஒட்டும் பசையே வழி. இரவில் அம்மா போன்ற பெரியவர்கள் தடுக்கி விழாமலிருக்க மஞ்சள் வண்ணம் கட்டாயம்.

ஆனால் தடையும் ஆழத்தை மட்டுமே தருகிறது. பக்கவாட்டுக்கும் கோணத்துக்கும் நான் கண்டவற்றில் சிறந்தது, மதிலோரமாகத் தரையில் கிடத்திப் பதித்த ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய்தான். டயரின் பக்கம் அதை உரசியதும் ஸ்டியரிங்கில் அந்த அதிர்வு கைக்குத் தெரியும். உருண்டையான, தாழ்ந்த குழாய் என்பதால் டயருக்குச் சேதமில்லை, ரிம்மும் அதைத் தொடாது. ஆள் இறங்கும் பக்கத்தில் வைத்தால் கால் இடறும், மதில் பக்கத்தில் வைத்தால் யாரும் நடப்பதில்லை. இடப்பக்கக் கண்ணாடியைச் சற்றுக் கீழே சாய்த்துவைத்தால், கேட்டுக்கு வெளியிலிருந்தே குழாய் தெரியும். வண்டியின் கோணத்தை உள்ளே நுழையும் முன்பே திருத்திக்கொள்ளலாம். குழாய் வேண்டாம் என்பவர்கள், ஓரடிச் சதுரப் பார்க்கிங் டைல்ஸ் பதித்திருந்தால் அதன் இணைப்புக் கோடுகளில் ஒன்றுக்கு மஞ்சள் தீட்டிக்கொள்ளலாம். டைல்ஸ்காரர் கோணலாகப் பதிக்காமலிருந்தால் அது நல்ல வழிகாட்டி.

குழாய் தன் முழுப் பயனைத் தருவது ரிவர்ஸில் ஏற்றும்போதுதான். திருப்பும் சக்கரங்கள் முன்னால் இருப்பதால், ரிவர்ஸில் வரும்போது அவை இன்னும் தெருவில் இருக்க, பின்பாதி உள்ளே நுழைந்துவிடுகிறது. பாதி உள்ளே வந்த பிறகும் கோணத்தைச் சரிசெய்ய இடமுண்டு. முன்னால் நுழைந்தாலோ பின்சக்கரங்கள் திருப்பத்தின் உட்புறத்தை வெட்டிக்கொண்டு வரும், கேட் தூணில் பின்கதவு உரசும். காலையில் பள்ளிப் பிள்ளைகள் போகும் தெருவுக்குள் முகத்தை நீட்டி வெளியே வருவதும் ரிவர்ஸில் ஏற்றியவருக்கே எளிது. எந்தத் திசையில் ஏற்றுகிறோம் என்பது, வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நம் கார்களில் ஓட்டுநர் கதவு எந்தச் சுவரைப் பார்த்துத் திறக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் எங்கள் படிக்கட்டு இடப்புறம். ரிவர்ஸில் ஏற்றினால் படிக்கட்டருகே இறங்கலாம்.

தூணில் பழைய டயரைக் கட்டுபவர்களும் உண்டு. அது வழிகாட்டியல்ல, தவறிய பிறகு காயத்தைக் குறைக்கும் மெத்தை. முழு டயராகக் கட்டினால் மழைநீர் தேங்கி டெங்குக் கொசு வளரும். பட்டையாக வெட்டித் திருகாணியால் பதிக்கலாம்.

எங்கள் ஷெட்டில் இன்று மிஞ்சியிருப்பவை குழாயும் ரப்பர் தடையும் மட்டுமே. மீயொலிக் கருவியை அடுத்த தெருப் பையன் தன் கல்லூரிப் பணிக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டான். பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து மைத்துனர் கொண்டுவரும் கிரெட்டா 4.33 மீட்டர் நீளம், அதாவது ஷெட்டைவிடவே 6 சென்டிமீட்டர் கூடுதல். அந்த நான்கு நாள்களுக்கு ஸ்விஃப்ட் உள்ளே நிற்கிறது, கிரெட்டா தெருவில் வேப்பமரத்தடியில் நிற்கிறது.