மூலப் பாடகரை முன்னிறுத்தும் தொகுப்பு: கிளிநொச்சிக் கடையொன்றின் றொக் அண்ட் றோல் பதிவு

கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே அமைந்துள்ள சிறிய பாடல் பதிவுக் கடையொன்றில், அமெரிக்காவில் றொக் அண்ட் றோல் இசை உருவான காலத்துப் பாடல்களைத் தொகுத்துப் பென் டிரைவில் பதிந்து தருகிறார்கள். வன்னியில் மேலைத்தேயப் பாடல் கேட்போர் தொகை சிறியது. அச்சிறு கூட்டத்துக்காகக் கடைக்காரர் தாமே தேடி, கேட்டு, அடுக்கியிருக்கிறார் என்பது முதல் சில பாடல்களிலேயே விளங்கிவிடுகிறது.

இத்தகைய தொகுப்புகள் பெரும்பாலும் எல்விஸ் பிரெஸ்லியிலிருந்து தொடங்கும். இதுவோ 1944 இல் சிஸ்ரர் றொசெற்றா தார்ப் பதிவுசெய்த தேவாலயப் பாடலிலிருந்து தொடங்குகிறது. கடவுளைப் பாடிக்கொண்டே மின் கிற்றாரை அவர் மீட்டும் வேகத்தைக் கேட்ட பின், இந்த இசைக்கு 1950களில் திடீரென ஒரு பிறந்த நாள் வாய்த்தது என்று எவரும் நம்பமாட்டார்கள். அடுத்து வரும் லூயிஸ் ஜோர்டானின் பாடல்கள், பெரிய இசைக்குழுக்களின் துள்ளலைச் சில வாத்தியக்காரரே சாக்சபோனும் பியானோவும் கொண்டு எழுப்பிய ஜம்ப் ப்ளூஸ் வகையைச் சேர்ந்தவை.

தொகுப்பின் உயிர்நாடி, மூலப் பதிவையும் பின்னர் புகழ்பெற்ற பதிவையும் அடுத்தடுத்து வைத்திருக்கும் முறையாகும். கறுப்பினப் பாடகரான ஆர்தர் குருடப் 1946 இல் பாடிய ‘தட்ஸ் ஓல் றைட்’ முதலில் ஒலிக்கிறது. 1954 யூலையில் மெம்பிஸ் நகரில் வெள்ளையரான பிரெஸ்லி பாடிய வடிவம் அதன் பின்னரே வருகிறது. பாடலை ஆக்கிய குருடப்புக்கு அவருடைய வாழ்நாளில் உரிய பங்குப் பணம் கிடைக்கவில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை ஒரு நீதியாகவே தோன்றும். பிக் மாமா தோர்ண்டன் 1952 இல் பதிவுசெய்த ‘ஹவுண்ட் டோக்’, தன்னை ஏய்க்கும் ஆணை வாசலிலிருந்து விரட்டும் பெண்ணின் குரல். 1956 இல் பிரெஸ்லி பாடியபோது வேகம் கூடியது. அந்தப் பெண்ணின் கோபமோ காணாமற் போனது. என் தெரிவு தோர்ண்டன்தான்.

முதல் றொக் அண்ட் றோல் பதிவு எனப் பலர் சொல்லும் ‘றொக்கற் 88’ பாடலும் உரிய இடத்தில் இருக்கிறது. 1951 மார்ச்சில் ஐக் ரேணரின் குழு மெம்பிசில் சாம் பிலிப்சின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தபோது கிற்றாரின் ஒலிபெருக்கி பழுதடைந்திருந்தது. அப்படியே பதிவுசெய்ததால் எழுந்த கரகரப்பு, பிற்காலக் கிற்றார்க் கலைஞர்கள் விரும்பித் தேடிய ஒலியாயிற்று. வெள்ளையரான பில் ஹேலி அதே ஆண்டிலேயே இப்பாடலைத் தம் குழுவுடன் பாடிவிட்டார். அந்தப் பதிவும் உண்டு.

இறுதிப் பாடல் 1959 இல் றே சார்ள்ஸ் பாடிய ‘வட் ஐ சே’. அவர் ஓரடி எடுக்க, பெண்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். அண்ணாவியார் பாட, பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடும் கூத்துக் களரியில் விடிய விடிய இருந்த முல்லைத்தீவுக்காரருக்கு இந்த அமைப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை.

குறைகளும் உள்ளன. வெள்ளையரின் நாட்டுப்புற இசை இதில் மிக மெலிந்திருக்கிறது. சக் பெரியின் ‘மேபிலீன்’ பாடலுக்கு முன், அதற்கு வேராக அமைந்த ‘ஐடா றெட்’ பாடலை பொப் வில்ஸ் 1938 இல் பதிவுசெய்த வடிவத்தில் வைத்திருப்பது பாராட்டுக்குரியது. ஆனால் ஹேலியின் ‘றொக் அறவுண்ட் த குளொக்’ பாடலை நினைவூட்டும் மெட்டுடன் 1947 இல் வெளிவந்த ஹாங்க் வில்லியம்சின் ‘மூவ் இற் ஒன் ஓவர்’ விடுபட்டிருப்பது பெரிய இழப்பு.

இன்னொரு குறை கடுமையானது. ‘ரூற்றி புரூற்றி’ பாடலாகப் பதிந்திருந்தது, லிற்றில் றிச்சர்ட் 1960களில் மீண்டும் பாடிய வடிவம். 1955 இல் நியூ ஓர்லியன்சில் ஏர்ள் பாமர் முரசடிக்க எழுந்த முதற்பதிவின் பாய்ச்சல் அதில் இல்லை. மலிவுத் தொகுப்புகளில் இவ்வாறான மறுபதிவுகள் கலந்துவிடுவது வழமை. சொன்னபோது கடைக்காரர், “அண்ணை, பென்னைக் கொண்டு வாங்கோ, மாத்தித் தாறன்” என்றார். கட்டணமின்றி மாற்றியும் தந்தார்.

பாடகர் பெயரும் ஆண்டும் குறித்த ஒரு தாளையும் அவர் சேர்த்துத் தர வேண்டும். இப்போது இலக்கங்கள் மட்டுமே தெரிகின்றன. ஒலித்தரம் நடுத்தரமானது. மின்சாரமற்ற காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு அந்த இரைச்சல் பொருட்டல்ல. எனினும் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் அடித்தந்தி (பேஸ்) ஒலி பெரும்பாலும் கேட்காது என்பதால், காதொலிப்பானையோ ஒலிபெருக்கிப் பெட்டியையோ பயன்படுத்துவது நல்லது. பென் டிரைவ் நாமே கொண்டு போனால் கட்டணம் குறைவு. மறுபதிவு வேண்டாம், முதற்பதிவே வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.